வெளிச்சம் போதும், இருட்டைக் காட்டுங்கள்

வீட்டில் பெரிய திரையில் படம் பார்க்க ஆசைப்பட்டு, பத்தாயிரமோ இருபதாயிரமோ தேற்றிக்கொண்டு புரொஜெக்டர் விசாரிக்கக் கிளம்புகிறவர் முதலில் கேட்பது ஒன்றுதான்: “எத்தனை லூமன்ஸ்?” சென்னை ரிச்சி தெருவில் கேட்டாலும் ஆன்லைனில் தேடினாலும் பேச்சு அந்த எண்ணில்தான் தொடங்குகிறது. “சார், இது 9000 லூமன்ஸ். டியூப் லைட்டப் போட்டுக்கிட்டே பாக்கலாம்” என்று கடைக்காரர் சொன்னதும் பாதி வியாபாரம் முடிந்துவிடுகிறது. அட்டைப்பெட்டியில் 4கே என்றும் அச்சடித்திருந்தால் மீதிப் பாதியும் முடிந்தது.

பளிச்சென்று இருந்தால் நல்ல படம், மங்கலாக இருந்தால் மட்டமான படம், விலை குறைந்த கருவியில் இதற்குமேல் பார்க்க என்ன இருக்கிறது என்பதுதான் இன்று பொதுவாக எல்லோரும் ஒப்புக்கொண்ட கருத்து. விற்கிறவர்கள் மட்டுமல்ல, விவரம் தெரிந்தவர்கள் என்று நாம் யோசனை கேட்கப் போகிறவர்களும் இதையேதான் சொல்கிறார்கள். இதை நான் மறுக்கிறேன். ஒரு புரொஜெக்டர் சுவரில் எவ்வளவு வெளிச்சத்தைக் கொட்டுகிறது என்பது அதன் படத் தரத்தைப் பற்றி ஏறக்குறைய எதையும் சொல்வதில்லை. எந்த இடத்தை அது இருட்டாக விட்டுவைக்கிறது என்பதுதான் தரத்தைச் சொல்லும். விலை குறையக் குறைய இந்த உண்மை இன்னும் கூர்மையாகிறதே தவிர மழுங்குவதில்லை.

முதலில் அந்த எண்ணையே எடுத்துக்கொள்வோம். லூமன் கணக்குக்கு முறையான அளவை ஒன்று இருக்கிறது. அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான ஆன்சி 1992இல் வகுத்தது அது. திரை முழுவதும் வெள்ளையைப் போட்டு, அதை மூன்றுக்கு மூன்று என்று ஒன்பது கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் விழும் வெளிச்சத்தை அளந்து, சராசரி எடுத்து, படத்தின் பரப்பளவால் பெருக்க வேண்டும். பின்னால் வந்த ஐ.எஸ்.ஓ. 21118 என்ற சர்வதேசத் தரமும் இதே வழியில்தான் போகிறது. ‘ஆன்சி லூமன்ஸ்’ அல்லது ‘ஐ.எஸ்.ஓ. லூமன்ஸ்’ என்று நேர்மையாக எழுதியிருந்தால் அந்த எண்ணுக்கு ஒரு பொருள் உண்டு. வெறுமனே ‘லூமன்ஸ்’ என்றோ ‘எல்.இ.டி. லூமன்ஸ்’ என்றோ எழுதியிருந்தால், எங்கே அளந்தார்கள், எப்படி அளந்தார்கள் என்று கேட்க வழியில்லை. பெரும்பாலும் உள்ளே இருக்கும் விளக்கு போடும் வெளிச்சத்தைச் சொல்லியிருப்பார்கள். சில பெட்டிகளில் அதுகூட இல்லை. வாயில் வந்த எண்.

வீட்டிலேயே போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு ஒன்று சொல்கிறேன். பெட்டியின் முன்பக்கத்தை விட்டுவிட்டு, கருவியின் அடியிலோ அடாப்டரிலோ ஒட்டியிருக்கும் சீட்டில் எத்தனை வாட் என்று பாருங்கள். அறுபது வாட் என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மின்விசிறி, ஸ்பீக்கர், உள்ளிருக்கும் ஆண்ட்ராய்டு பலகை எல்லாம் போக விளக்குக்கு ஐம்பது வாட் கிடைக்கலாம். வெள்ளை எல்.இ.டி. வாட்டுக்கு நூறு லூமன் என்றால் விளக்கிலிருந்து புறப்படுவது 5000 லூமன். மலிவுக் கருவிகளில் இருப்பது ஒற்றை எல்.சி.டி. தகடு. அதன் போலரைசர் வந்த வெளிச்சத்தில் பாதிக்குமேல் தின்றுவிடும். சிவப்பு, பச்சை, நீலமாகப் பிரிக்கும் வடிகட்டி மிச்சத்தில் மூன்றில் இரண்டு பங்கை எடுத்துக்கொள்ளும். பிக்சல்களுக்கு நடுவே உள்ள கறுப்புக் கோடுகளும் லென்சுகளும் தங்கள் பங்கை வாங்கிக்கொண்ட பிறகு சுவருக்குப் போய்ச் சேருவது நூற்றுக்கு ஐந்தாறு. ஆக இருநூற்றைம்பது, மிஞ்சினால் முந்நூறு லூமன். இந்தக் கருவியின் பெட்டியில்தான் 9000 என்று அச்சடித்திருக்கிறது. உண்மையிலேயே 9000 லூமன் போடுகிற கருவி என்றால் அதைச் சின்னத் திரையரங்கில் வைக்கலாம். அது உங்கள் அலமாரித் தட்டில் உட்காராது.

இப்படிப் பொய் எண் போடுகிறவர்கள்மீது எப்சன் நிறுவனம் அமெரிக்க நீதிமன்றங்களில் வழக்குகள் தொடுத்திருக்கிறது. அதில் சொந்த லாபம் இல்லாமல் இல்லை. பொய் எண் அவர்கள் சந்தையைத்தான் முதலில் தின்கிறது. இருந்தாலும், யார் தொடுத்தாலும் வழக்கு நியாயமானதுதான்.

ஆனால் என் வாதம் எண் பொய் என்பதோடு நின்றுவிடவில்லை. எண் பொய் என்று தெரிந்தவர்கள் இப்போது நிறையப் பேர். அவர்கள் என்ன செய்கிறார்கள்? “ஆன்சி லூமன்ஸ் எத்தனை?” என்று கேட்கிறார்கள். கேள்வி கொஞ்சம் திருந்தியிருக்கிறது. அதற்குப் பின்னாலிருக்கும் நினைப்பு திருந்தவில்லை. நேர்மையான எண்ணாகவே இருக்கட்டும், அது எதற்குப் போதும் என்று பார்ப்போம்.

நூறு அங்குலத் திரை என்பது குறுக்கே 2.21 மீட்டர், உயரம் 1.25 மீட்டர். பரப்பளவு சுமார் 2.76 சதுர மீட்டர். டிஜிட்டல் சினிமாவுக்கென வகுத்த தரத்தின்படி திரையரங்குத் திரையில் வெள்ளையின் பிரகாசம் 48 நிட்ஸ். சாதாரண மேட் வெள்ளைத் திரையில் இந்த அளவைக் கொண்டுவர எவ்வளவு லூமன் வேண்டும்? 48ஐ π (பை) என்ற எண்ணால் பெருக்கி, 2.76ஆல் பெருக்கினால் 416 சொச்சம் வருகிறது. நானூற்றுச் சொச்சம் லூமன்! நீங்கள் காசு கொடுத்துப் போய், மெய்மறந்து உட்கார்ந்து பார்க்கும் திரையரங்கின் பிரகாசம் உங்கள் வீட்டு நூறு அங்குலத்தில் கிடைக்க இவ்வளவுதான் தேவை. மேலே சொன்ன ஏழைக் கருவியின் 250 லூமன்கூட, படத்தை 80 அங்குலத்துக்குச் சுருக்கினால் 45 நிட்ஸ் வரை கொடுத்துவிடும். வெளிச்சப் பஞ்சம் என்று நாம் நினைப்பது பெரும்பாலும் பஞ்சமே இல்லை.

பின் ஏன் படம் வெளுத்துத் தெரிகிறது? டியூப் லைட் எரிந்துகொண்டிருப்பதால்.

புரொஜெக்டரால் கறுப்பைப் பாய்ச்ச முடியாது. அதனால் வெளிச்சத்தைச் சேர்க்க மட்டுமே முடியும். கறுப்பு என்பது அது எதையும் சேர்க்காமல் விட்ட இடம். அந்த இடத்தில் உங்கள் சுவர் என்ன நிறத்தில் இருக்கிறதோ அதுதான் கறுப்பு. சாணம் தெளித்த வாசலில் எடுத்துக்காட்டும் அதே கோலப்பொடி, வெள்ளை டைல்ஸ் போட்ட போர்டிகோவில் இருக்கிறதா இல்லையா என்று தேடவைக்கிறதே, அதே கதைதான். அங்கே யாரும் இன்னும் வெள்ளையான மாவு வாங்கிவரச் சொல்வதில்லை.

எண்ணிலேயே காட்டுகிறேன். விளக்கெரியும் ஹாலில் திரைச் சுவர்மீது 100 லக்ஸ் வெளிச்சம் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். 2000 ஆன்சி லூமன் கொண்ட நல்ல கருவி நூறு அங்குலத்தில் 725 லக்ஸ் சேர்க்கும். அங்கே வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள விகிதம் 825க்கு 100, அதாவது எட்டேகால். விலையில் அதைவிடப் பல மடங்கு குறைந்த 250 லூமன் கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். விளக்கை அணைத்து, ஜன்னலுக்குத் திரை போட்டு, சுவரில் விழும் வேற்று வெளிச்சத்தை ஒரு லக்ஸுக்குக் கொண்டுவந்துவிட்டால் விகிதம் தொண்ணூற்றை எட்டிவிடும். எட்டு எங்கே, தொண்ணூறு எங்கே! இந்த வித்தியாசத்தை உண்டாக்கியது சுவரில் இருக்கும் ஸ்விட்ச். இருபது வாட் எல்.இ.டி. டியூப் ஒன்று தன் பங்குக்கு 2000 லூமன் வரை கொட்டுகிறது. அதோடு மல்லுக்கு நிற்கத்தான் அதிக லூமன் கருவி வாங்கச் சொல்கிறார்கள்.

போதாக்குறைக்கு, நம் கண் வெளிச்சத்தை நேர் கணக்கில் பார்ப்பதில்லை. ஒரு படம் இரண்டு மடங்கு பளிச்சென்று தோன்ற வேண்டுமென்றால் வெளிச்சம் ஏறத்தாழ எட்டு மடங்கு கூட வேண்டும். 500 லூமனுக்குப் பதிலாக 700 லூமன் என்று கூடுதல் காசு கொடுக்கிறவர் கண்ணுக்கு லேசாக மட்டுமே எட்டுகிற ஒன்றுக்குக் கொடுக்கிறார்.

இங்கே ஒரு மறுப்பு வரும். “இருட்டறையில் எல்லாக் கருவியும் நன்றாகத்தான் தெரியும். அப்புறம் தரத்தை எதை வைத்துப் பிரிப்பது?” அங்கேதான் தரமே தொடங்குகிறது. விளக்கெரியும் கடையில் எல்லாக் கருவிகளின் கறுப்பும் ஒன்றுபோலச் சாம்பலாக இருக்கும். விளக்கை அணைத்த பிறகுதான் ஒவ்வொன்றின் சாயமும் வெளுக்கும். வீடியோ எதுவும் ஓடாத கறுப்புத் திரையைப் போட்டு, லென்ஸை உள்ளங்கையால் மூடிப் பாருங்கள். சுவர் சட்டென்று இன்னும் இருண்டால், அந்த வித்தியாசம்தான் கருவி கசியவிடும் வெளிச்சம். இன்னும் எளிய வழி இருக்கிறது. புரொஜெக்டரை ஓரமாக வைத்து, கீஸ்டோன் திருத்தம் போட்டுப் படத்தை நேர் செவ்வகமாக்கினால், படத்தைச் சுற்றி ஒரு கோணலான சாம்பல் விளிம்பு தெரியும். கருவியைப் பொறுத்தவரை அங்கே படமே இல்லை, முழுக் கறுப்பு. அந்தச் சாம்பல்தான் உங்கள் கருவி காட்டக்கூடிய ஆகச் சிறந்த இருட்டு. படத்தில் வரும் அமாவாசை ராத்திரி, நாயகனின் தலைமுடி, வக்கீலின் கோட்டு எல்லாம் அதைவிடக் கறுப்பாக ஒருநாளும் தெரியாது.

இதைப் பெட்டியில் எழுதியிருக்கும் ‘காண்ட்ராஸ்ட்’ எண் சொல்லாதா? சொல்லாது. லூமனாவது ஒருவகையில் பரவாயில்லை. இந்த எண் இன்னும் மோசம். முழு வெள்ளைத் திரையை ஒருமுறையும் முழுக் கறுப்புத் திரையை ஒருமுறையும் அளந்து வகுத்துச் சொல்வது ஒரு முறை. முழுக் கறுப்பு வரும்போது விளக்கையே மங்கவைத்துவிட்டு அளந்தால் லட்சத்துக்கு ஒன்று, பத்து லட்சத்துக்கு ஒன்று என்று எதை வேண்டுமானாலும் எழுதலாம். அதற்குப் பெயர் டைனமிக் காண்ட்ராஸ்ட். நிஜப் படத்தில் முழுக் கறுப்பு எப்போது வருகிறது? இடைவேளைக்கு முன்னால் அரை நொடி. மற்ற நேரமெல்லாம் ஒரே சட்டகத்தில் வெளிச்சமும் இருட்டும் கலந்தேதான் இருக்கும். அதை அளக்க ஆன்சியே ஒரு வழி சொல்லியிருக்கிறது: வெள்ளையும் கறுப்புமாகப் பதினாறு கட்டங்களைச் சதுரங்கப் பலகைபோலப் போட்டு இரண்டையும் ஒரே நேரத்தில் அளப்பது. மலிவுக் கருவிப் பெட்டிகளில் இந்த எண்ணை அச்சடித்து நான் பார்த்ததில்லை. அச்சடித்தால் லட்சங்கள் சில நூறுகளாகச் சுருங்கிவிடும்.

நல்ல கருவியே ஆனாலும் அந்தச் சில நூறு உங்கள் வீட்டில் சில பத்துகளுக்கு இறங்கிவிடக்கூடும். நம் வீடுகளின் வெள்ளைக் கூரையும் வெளிர்நிறச் சுவர்களும் பளபளக்கும் டைல்ஸும் திரையிலிருந்து தெறிக்கும் வெளிச்சத்தை வாங்கி மறுபடி திரைமேலேயே வீசுகின்றன. திரைக்கு முன்னால் தரையில் அடர்நிற ஜமக்காளம் ஒன்றை விரித்து, பக்கச் சுவரில் பழைய கறுப்புப் போர்வை ஒன்றைத் தொங்கவிட்டால் கிடைக்கும் முன்னேற்றம், இன்னும் ஐயாயிரம் ரூபாய் கூடக் கொடுத்து ‘அடுத்த மாடல்’ வாங்கினாலும் கிடைக்காது. இதை எந்தக் கடையும் சொல்லாது. போர்வையில் அவர்களுக்குக் கமிஷன் இல்லை.

வெளிச்ச மோகம் படத்தைக் கெடுப்பது கறுப்பில் மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. நிறத்தில் அது செய்யும் அட்டூழியம் தனி. படம் எடுக்கும்போது வெள்ளை என்றால் எந்த வெள்ளை என்பதற்கு வீடியோ உலகத்தில் ஒரு தரம் உண்டு. சுமார் 6500 கெல்வின். அதற்குக் கருவியைச் சரிசெய்தால் வெளிச்சம் குறையும், சிலவற்றில் பாதிவரை. எண்ணைக் காப்பாற்ற வேண்டுமே! எனவே தொழிற்சாலையிலிருந்து வரும்போதே ‘விவிட்’, ‘டைனமிக்’ என்று ஒரு முறையில் வைத்து அனுப்புகிறார்கள். வெள்ளை நீலம் பாய்ந்து, அல்லது பச்சை பூசி வரும். வெள்ளைக்காரர் முகத்தில் இது அவ்வளவாக உறுத்தாமல் போகலாம். நம் மாநிறத்தில் உடனே தெரியும். நல்ல களையான முகம் சாம்பல் பூத்து, காய்ச்சலில் கிடந்தவர் மாதிரி ஆகிவிடும். நுண்கண்ணாடிகளால் படம் காட்டும் டி.எல்.பி. வகையில் சில மலிவுக் கருவிகள் இன்னொரு வித்தை செய்கின்றன. சுழலும் நிறச் சக்கரத்தில் சிவப்பு, பச்சை, நீலத்தோடு நிறமே இல்லாத வெள்ளைத் துண்டு ஒன்றையும் செருகிவிடுகிறார்கள். வெள்ளையை அளக்கும்போது லூமன் எகிறும்; சிவப்பை அளந்தால் எகிறாது. விளைவு, கல்யாணக் காட்சியில் வேட்டி மின்னும், கூறைப்புடவை செங்கல் நிறத்தில் மங்கிக் கிடக்கும். வெள்ளையின் லூமனைப்போல நிறங்களின் லூமனையும் தனியே சொல்ல வேண்டும் என்று மூன்று தகடு எல்.சி.டி. தயாரிப்பாளர்கள் பல காலமாகக் கேட்கிறார்கள். தங்கள் கருவியில் இரண்டும் சமம் என்பதால்தான் கேட்கிறார்கள் என்பது தெரிந்ததே. அதற்காகக் கோரிக்கை தவறாகிவிடாது.

4கே விஷயத்தை நீட்ட விருப்பமில்லை. ஆனால் விட்டுவிடவும் முடியாது. ‘4கே சப்போர்ட்’ என்றால் 4கே படத்தைக் கொடுத்தால் கருவி வாங்கிக்கொள்ளும் என்று பொருள். காட்டுவது உள்ளே இருக்கும் தகட்டின் அளவில்தான். 4கே என்பது சுமார் 83 லட்சம் பிக்சல். பத்தாயிரம் ரூபாய்க் கருவியின் தகட்டில் இருப்பது ஒன்பது லட்சமோ இருபது லட்சமோ. ‘நேட்டிவ் ரெசல்யூஷன்’ என்று சிறிய எழுத்தில் எங்காவது இருக்கும், தேடிப் படியுங்கள். ஒரு தமாஷையும் சொல்லிவிடுகிறேன். லட்ச ரூபாய்க்கு மேல் விற்கும் டி.எல்.பி. 4கே கருவிகள் பலவற்றில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் தயாரித்த சில்லில் இருக்கும் நுண்கண்ணாடிகள் 1920க்கு 1080தான். படத்தை இம்மியளவு நகர்த்தி நகர்த்தி நொடிக்கு 240 முறை வீசி 83 லட்சமாக்குகிறார்கள். அது கண்ணில் உண்மையிலேயே எடுபடுகிறது, ஏமாற்று இல்லை. பத்தாயிரம் ரூபாய்ப் பெட்டியில் அந்த வேலையும் இல்லை. பார்க்கப்போனால் நூறு அங்குலத் திரையில் 1080 வகைப் படத்தின் ஒரு பிக்சல் ஒரு மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும். நான்கு மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் நல்ல கண்ணாலேயே அதைத் தனியே பிரித்தறிய முடியாது. எனவே 1080 போதும். 4கே என்று சொல்லி 720 தகட்டைத் தலையில் கட்டுவதுதான் குற்றம்.

இதைவிடச் சிரிப்பு உள்ளே இருக்கும் செயலிகளில். அனுமதி பெறாத ஆண்ட்ராய்டு கருவிக்கு நெட்ஃபிளிக்ஸ் உயர்தரப் படத்தை அனுப்புவதில்லை. வைட்வைன் என்ற நகல்தடுப்புப் பாதுகாப்பில் கீழ்ப்படியில் இருக்கும் கருவிக்குப் பழைய டி.வி. தரத்தில்தான் அனுப்பும். பெட்டியில் 4கே, சுவரில் டி.வி.டி. ‘எச்.டி.ஆர்.’ முத்திரையும் இந்த ரகம்தான். ஆயிரம் நிட்ஸ் பிரகாசத்தை மனத்தில் வைத்து வண்ணம் திருத்திய படத்தை, நாற்பது நிட்ஸ் காட்டும் சுவரில் ஓட்டினால் சுருக்கத்தான் வேண்டும். மலிவுக் கருவிக்கு நேர்த்தியாகச் சுருக்கத் தெரியாது. படம் மொத்தமும் மங்கிப்போகும். அப்போது வாங்கியவர் என்ன நினைக்கிறார்? லூமன் போதவில்லை என்று!

இந்த வெளிச்சப் பைத்தியத்துக்கு யூடியூப் விமர்சகர்களும் தூபம் போடுகிறார்கள். இரண்டு கருவிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே காமிராவில் எடுக்கிறார்கள். காமிரா தன் எக்ஸ்போஷரைப் பளிச்சென்ற படத்துக்கு ஏற்றபடி குறைத்துக்கொள்ளும். மற்றது செத்த படம்போலத் தெரியும். அந்த மற்றதைத் தனியே இருட்டறையில் பார்த்திருந்தால் ஒரு குறையும் தெரிந்திருக்காது. நாம் இதை எங்கே பார்க்கிறோம்? கையிலிருக்கும் போனில். போன் திரையின் கறுப்புதான் நமக்குத் தெரியும் கறுப்பு. புரொஜெக்டரின் கறுப்பு அந்த வீடியோவில் வந்து சேரவே வழியில்லை. எதை வேண்டுமானாலும் வீடியோவில் விமர்சிக்கலாம், புரொஜெக்டரின் படத் தரத்தை மட்டும் முடியாது என்பேன். சத்தம், சூடு, எடை, செயலிகள், போர்ட்டுகள் பற்றிச் சொல்லட்டும், நன்றியோடு கேட்டுக்கொள்ளலாம்.

இனி எதிர்த்தரப்பின் பலமான வாதத்துக்கு வருகிறேன். “எங்கள் வீட்டில் இருட்டுக்கு எங்கே போவது? ஹால் ஒன்றுதான். அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருப்பார், பிள்ளை வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பான். விளக்கை அணைத்துவிட்டு உட்கார நாங்கள் என்ன ஜமீனா?” நியாயமான கேள்வி. என் பதிலும் நேரானது: அப்படியானால் புரொஜெக்டர் வாங்காதீர்கள். அந்தப் பணத்துக்கு நல்ல டி.வி. வாங்குங்கள். சாதாரண எல்.இ.டி. டி.வி. 250 நிட்ஸ் கொடுக்கும். நூறு அங்குலச் சுவரில் அந்தப் பிரகாசத்தைக் கொண்டுவர 2000 லூமனைத் தாண்டிய கருவி வேண்டும். அப்போதும் டி.வி.யின் கறுப்பு டி.வி.யின் கண்ணாடியில் இருக்கிறது. புரொஜெக்டரின் கறுப்பு உங்கள் வெள்ளைச் சுவரில் இருக்கிறது. விளக்கெரியும் அறைக்குப் புரொஜெக்டரை விற்கிறவர், வாங்குகிறவருக்குத் துரோகம் செய்கிறார். ஒரே ஒரு விதிவிலக்கு கிரிக்கெட். பச்சைப் புல், பகல் வெயில், பெரிய எண்கள். நாலு நண்பர்கள் கூடிக் கத்துகிற இடத்தில் யாரும் நிழலின் ஆழத்தை ஆராயப்போவதில்லை. அதற்கு நேர்மையான லூமன் கூடுதலாக இருந்தால் நல்லதுதான்.

அடுத்த வாதம் பணிவாகச் சொல்லப்படுவது, ஆனால் எனக்கு அதிகம் கோபம் வருவது அதன்மீதுதான். “பத்தாயிரம் ரூபாய்க்காரனுக்குக் கறுப்பு, நிழல், முகநிறம் எல்லாம் எதற்கு? அது லட்சக்கணக்கில் ஜே.வி.சி., சோனி வாங்குகிறவர்களின் கவலை. இவனுக்குப் பெரிதாக, பளிச்சென்று தெரிந்தால் போதும்.” காசு குறைந்தவனுக்குக் கண்ணும் குறைவு என்று நினைக்கிற இந்தத் திமிரை எங்கே பழகினார்கள்? நம் ஊர் டூரிங் டாக்கீஸ்களில் மணலைக் குவித்து உட்கார்ந்து பார்த்தவர்களைவிட மலிவான சீட்டு எடுத்தவர்கள் உண்டா? அந்தக் கொட்டகைகள் பகலில் படம் ஓட்டவில்லை. பொழுது சாய்ந்த பிறகுதான் முதல் ஆட்டம். அதற்கப்புறம் இரண்டாம் ஆட்டம். கீற்றுக்கொட்டகைக்குள் வெயில் நுழைந்தால் படம் எடுபடாது என்று முதலாளிக்கும் தெரிந்திருந்தது, தரை டிக்கெட்காரருக்கும் தெரிந்திருந்தது. இன்னும் பெரிய விளக்கு வாங்கிப் பகல் இரண்டு மணிக்கே ஓட்டுவோம் என்று அவர்கள் கிளம்பவில்லை.

தவிர, விலை உயர்ந்த கருவிகளில்தான் தர வித்தியாசம் மெல்லியது; எல்லாமே ஓரளவு தேறிவிடும். மலிவுக் கருவிகளில்தான் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு. ஒன்றில் நடுவில் கூர்மையாக இருந்து ஓரங்களில் கலங்கும். ஒன்றில் நடு பளிச்சென்றும் மூலைகள் அந்தி சாய்ந்தும் கிடக்கும். ஒன்பது இடத்துச் சராசரி அதை மறைத்துவிடும். ஒன்று நிழலிலுள்ள விவரங்களை முழுக்க விழுங்கும். இன்னொன்று நிழலையே அழித்துப் பால் ஊற்றினாற்போல் ஆக்கும். உள்ளே தூசி புகாதபடி அடைக்காத கருவியில் ஆறு மாதத்தில் இருட்டுக் காட்சிகளில் வெள்ளைத் திட்டுகள் மிதக்கத் தொடங்கும். வாங்குகிறவர் கவனமாகப் பார்த்து எடுக்க வேண்டிய இடம் இதுதான். இங்கேதான் அவரை ஒரே ஒரு எண்ணைப் பார்த்துவிட்டுப் போகச் சொல்கிறார்கள்.

எதை ஓட்டிப் பார்ப்பது? கடையில் கிளிகளும் பூக்களும் கடலடி மீன்களும் ஓடும் டெமோ போடுவார்கள். அது எந்தக் கருவியிலும் அழகாகத்தான் இருக்கும். அதை நிறுத்தச் சொல்லிவிட்டு ‘கைதி’யைப் போடச் சொல்லுங்கள். 2019இல் வந்த படம். கதை முழுவதும் ஒரே இரவில் நடக்கிறது, ஒளிப்பதிவு சத்யன் சூரியன். லாரியின் முகப்பு விளக்குக்குப் பின்னால் இருக்கும் காடு இருக்கிறதே, அது காடாகத் தெரிகிறதா, சாம்பல் போர்வையாகத் தெரிகிறதா என்று பாருங்கள். கார்த்தியின் முகத்தில் வெளிச்சம் படாத பாதியிலும் ஒரு கன்னம் இருக்க வேண்டும். வெறும் கறுப்புப் பொத்தலாக இருக்கக் கூடாது. பழைய படம் பிடிக்குமென்றால் 1987இன் ‘நாயகன்’. பி.சி. ஸ்ரீராமுக்குத் தேசிய விருது வாங்கிக்கொடுத்த ஒளிப்பதிவு அது. ஜன்னலோர வெளிச்சமும் அறைக்குள் தங்கிய இருளும் சேர்ந்து செய்யும் வேலையை 9000 லூமன் பெட்டி என்ன பாடு படுத்துகிறது என்று பார்த்தால் நான் ஏன் இவ்வளவு காய்கிறேன் என்று புரியும். பிறகு கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலை நிறுத்தி, நான்கு மூலைகளிலும் மெய்யெழுத்துகளின் புள்ளி புள்ளியாக இருக்கிறதா, பூசணிப்பூவாக விரிந்திருக்கிறதா என்று பாருங்கள். கீஸ்டோன் திருத்தத்தை அணைத்துவிட்டுத்தான் இதைப் பார்க்க வேண்டும். அது இருக்கிற பிக்சலையும் கசக்கிக் கூர்மையைக் குறைத்துவிடும். கருவியைத் திரைக்கு நேரே வைக்க வீட்டில் இடமில்லை என்றால் அதையும் வாங்குவதற்கு முன்னால் யோசித்துவிடுவது நல்லது.

வெளிச்சமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நூற்றைம்பது லூமனை 120 அங்குலத்துக்கு விரித்துவிட்டு இருட்டைப் புகழ்ந்துகொண்டிருக்க முடியாது. உங்கள் திரையின் சதுர மீட்டர் ஒன்றுக்கு நூறிலிருந்து நூற்றைம்பது நேர்மையான லூமன் இருந்தால் போதும். அந்தக் கணக்கு சரியாக வந்ததும் லூமன் பேச்சை நிறுத்திவிட வேண்டும். அதற்குப் பிறகு கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் கறுப்புக்கும் நிறத்துக்கும் லென்ஸுக்கும் ஜன்னல் திரைக்கும் போக வேண்டும்.

தயாரிப்பவர்களிடம் கேட்க வேண்டியது அதிகமில்லை. டைனமிக் முறையில் அல்ல, சினிமா முறையில் அளந்த ஐ.எஸ்.ஓ. லூமனைப் பெட்டிமேல் போடுங்கள். பதினாறு கட்டக் காண்ட்ராஸ்டைப் போடுங்கள். தகட்டின் உண்மையான பிக்சல் அளவை 4கே என்ற எழுத்தின் பருமனிலேயே போடுங்கள். கடைக்காரர்களிடம் கேட்க வேண்டியது இன்னும் குறைவு: மூலையில் கறுப்புத் துணி கட்டிய ஒரு சிறிய தடுப்பு, உள்ளே நாலு நாற்காலி. துணிக்கடையில் உடுத்திப்பார்க்க அறை வைத்திருக்கிறார்கள், கண்ணாடிக்கடையில் எழுத்துப் பலகை மாட்டியிருக்கிறார்கள். இருட்டில் பார்க்க வேண்டிய பொருளைப் பட்டப்பகல் வெளிச்சத்தில் விற்கிற வழக்கத்துக்கு மட்டும் ஏன் இத்தனை பேர் இன்னும் தலையாட்டிக்கொண்டிருக்க வேண்டும்? அந்தத் தடுப்பு வரும்வரை, பணம் கொடுக்கும் முன்னால் திருப்பிக்கொடுக்க எத்தனை நாள் அவகாசம் என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எழுதித்தர மறுக்கிற கடையில், பெட்டியில் எத்தனை ஆயிரம் லூமன் போட்டிருந்தாலும் வாங்காதீர்கள்.